அம்மா சொல்லாமல் விட்ட கோயில்

ஜெர்மனியிலிருந்து இந்த முறை நான் இரண்டு காரியத்துக்காக வந்தேன். ஒன்று, நெளுக்குளத்தில் தம்பி வீட்டில் நடக்கிற அம்மாவின் முதலாம் வருஷ ஆட்டத்திவசம். மற்றது, அம்மா என்னிடம் விட்டுப்போன ஒரு நேர்த்திக்கடன். திவசத்துக்கு நாள் இருந்தது, ஐயர் இருந்தார், இலை வெட்ட வீட்டுக்குப் பின்னால் வாழை இருந்தது. நேர்த்திக்கு ஒன்றும் இல்லை. எந்தக் கோயில் என்பதுகூட எனக்குத் தெரியாது.

அம்மா என்னோடு கடைசியாக நன்றாகக் கதைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாட்ஸ்அப்பில் வந்தால் அம்மா எப்போதும் நெற்றியை மட்டும்தான் காட்டுவார். போனைக் கீழே இறக்கிப் பிடியுங்கோ என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார். அன்றும் திருநீறு பூசிய நெற்றியும் நரைத்த வகிடும்தான் தெரிந்தன.

“பிள்ளை, ஒரு நேர்த்தி நிண்டுபோச்சு. இந்தக் காலை வைச்சுக்கொண்டு என்னாலை போகேலாது. நீ வரேக்க துசியைக் கூட்டிக்கொண்டு போய்த் தீர்த்து விடு. அவள் கட்டாயம் போகவேணும்.”

“எந்தக் கோயில் அம்மா?”

“அது...” என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்துத் தம்பியின் மனைவி தேத்தண்ணியோடு அறைக்குள் வருகிற சத்தம் கேட்டது. அம்மா உடனே கதையை மாற்றிவிட்டார். “உங்க ஜெர்மனியிலை சரியான குளிரோ? சின்னவன் தொப்பி போடுறவனோ?”

பிறகு சொல்லுவார் என்று நானும் விட்டுவிட்டேன். பத்து நாளில் அம்மா போய்விட்டார்.

துசி என்பது துசாந்தினி. தம்பியின் ஒரே மகள், இருபது வயது, வவுனியாவில் படிக்கிறாள். அம்மாவின் கையிலேயே வளர்ந்தவள்.

வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு எங்களுக்குக் கோயில் காரியம் இல்லை. நேர்த்தி வைக்கவும் கூடாது, தீர்க்கவும் கூடாது. அந்த ஒரு வருஷமும் நான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போதெல்லாம் அந்த “அது...” என் காதில் நின்றுகொண்டே இருந்தது. கடவுளுக்குக் கொடுத்த வாக்கோடு அம்மா போயிருக்கிறார். அந்த வாக்கை நிறைவேற்றாமல் அவருடைய ஆத்மா எப்படி ஆறும்? நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் இது எனக்கு விளங்கும்.

திவசம் திங்கட்கிழமை நடந்தது. எனக்குத் திரும்பும் விமானம் சனிக்கிழமை. நடுவில் நாலு நாள். நேர்த்தியைத் தீர்க்காமல் விமானம் ஏறுவதில்லை என்று சாமியறையில் அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன்.

தம்பி வாசலில் நின்று சிரித்தான். “எந்தக் கோயிலெண்டு தெரியாமல் எங்கையக்கா போகப்போறியள்? ஒவ்வொரு பிள்ளையாரா நிண்டு விசாரிக்கப் போறியளோ?”

“அம்மா செவ்வாய்க்கிழமை விரதம் பிடிச்சவா. செவ்வாய் எண்டால் அம்மன். அம்மன் எண்டால் எங்கட விசுவமடு அம்மன்.”

“நீங்கள் ஜெர்மனியிலை துணி தோய்க்காமல் சாத்திரம் பாத்திருக்கலாம்.”

*

செவ்வாய்க்கிழமை காலை நானும் துசியும் பச்சரிசி, பயறு, சர்க்கரை, புதுப்பானை எல்லாம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். நான் இருக்கிற ஊரில் பஸ் ஏழு நாற்பத்திரண்டுக்கு என்றால் ஏழு நாற்பத்திரண்டுக்குத்தான். இங்கே சாரதி தேத்தண்ணியைக் குடித்து முடித்தால்தான் பஸ் வெளிக்கிடும். அன்று அவர் வடையும் சாப்பிட்டார்.

பாதி வழியில் டயர் போய்விட்டது. எல்லோரும் இறங்கி ஒரு பாலைமரத்துக்குக் கீழே நின்றோம். ஒரு பெண் அவித்த கச்சான் கடலையைக் கடதாசிச் சுருளில் விற்றுக்கொண்டு வந்தாள். நடத்துநரும் சாரதியும் ஜாக்கியை வீட்டில் மறந்து வைத்தது யார் என்று சண்டை பிடித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவர் தன் பாட்டில் சொன்னார்: “ஜாக்கி இல்லாட்டிலும் பரவாயில்லை, பாட்டுப்பெட்டியை மட்டும் மறக்காமல் கொண்டு வருவாங்கள்.” பிறகு வந்த லொறிக்காரனிடம் ஜாக்கி வாங்கி, பத்து ஆண்கள் யோசனை சொல்ல ஒருவர் டயரைக் கழற்றி, ஒருவழியாக விசுவமடு வந்து சேர வெயில் ஏறிவிட்டது.

விசுவமடுவைப் பற்றி எழுதும்போது அம்மாவைப் பற்றித்தான் எழுத வரும். குடாநாட்டில் பிறந்து, கலியாணம் முடித்து, குளத்துத் தண்ணீரை நம்பி அப்பாவோடு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர். எனக்குப் பதினொரு வயதில் அப்பா காய்ச்சலில் செத்துப்போனார். செத்தவீடு முடிந்து ஆட்கள் ஆறுதல் சொல்ல வந்தபோது அம்மா முற்றத்தில் இருந்து அப்பாவின் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நடுவில் பார் வைத்த ஆம்பிளைச் சைக்கிள். அதற்குப் பிறகு இருபது வருஷம் அம்மா அதைத்தான் ஓட்டினார். சேலையைத் தூக்கிச் செருகி, கரியரில் மிளகாய் மூட்டையை இறுக்கிக் கட்டிச் சந்தைக்குப் போவார். மணி அடிக்கும் பழக்கம் இல்லை. “தள்ளு!” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாடுகூட விலகும்.

கோயில் முன்றலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். துசிக்குப் புகை கண்ணில் பட்டு அழுகை வந்துவிட்டது. பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அம்மன் ஏற்றுக்கொண்டார் என்று கைகூப்பினேன்.

அந்த நேரம்தான் தவமணி அக்கா வந்தார். எங்கள் பழைய காணிக்கு அடுத்த காணிக்காரி. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பானையைப் பார்த்தார்.

“என்னடி பொங்கல்?”

“அம்மான்ர நேர்த்தி அக்கா.”

“அம்மனுக்கோ? உங்கட அம்மா அம்மனுக்கு ஒரு நேர்த்தியும் மிச்சம் வைக்கேல்லையே. வைச்ச கையோட தீர்க்கிற மனுசி.”

“செவ்வாய் விரதம் பிடிச்சவா எல்லோ?”

“நீ வெளிநாடு போகேக்க புத்தியை எங்கையும் மறந்து வைச்சிட்டியோ? இஞ்ச இருக்குமட்டும் உங்கட அம்மா பரமக்கா பிடிச்சது வெள்ளிக்கிழமை. செவ்வாய் எண்டது சண்டை முடிஞ்சு முகாமிலை இருந்து வந்த பழக்கம். காணி பாக்க வந்த இடத்திலை நான் கேட்டனான், இது என்ன புதுசா எண்டு. ‘அது வேற ஒராளுக்கு’ எண்டவா.”

“வேற ஒராளுக்கோ?”

“ஓம். சாமியை ஆரும் ஆள் எண்டு சொல்லுவினமோ? நானும் அண்டு முழுக்க யோசிச்சனான். ஜெயபுரத்திலை உன்ர சின்னம்மாவைப் போய்க் கேள். முகாமிலை ரெண்டு பேரும் ஒண்டாத்தானே கிடந்தவை.”

தவமணி அக்கா பொங்கலை அகப்பையால் கிளறி, ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அம்மனுக்குப் பொங்கினது வீண்போகாது. சர்க்கரைதான் கொஞ்சம் கூட.”

*

புதன்கிழமை ஜெயபுரத்துக்குப் பஸ். இரண்டு பக்கமும் வயல், நடுவில் செம்மண் புழுதி. நடத்துநர் எங்கே இறக்கம் என்று கேட்டார். சின்னம்மா வீட்டடியில் என்றேன். “எல்லாருக்கும் சின்னம்மா இருக்கினம் அக்கா. சந்தியைச் சொல்லுங்கோ,” என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது.

துசி யன்னலோரம் இருந்தாள். நேற்றுத் தவமணி அக்கா சொன்னதையே யோசித்துக்கொண்டு வந்தாள் போலும்.

“மாமி, அப்பம்மா என்னை எப்பிடிப் பிடிப்பா தெரியுமோ? கையைப் பிடிக்கமாட்டா. இந்த மணிக்கட்டைத்தான் பிடிப்பா. நல்லா நோகும். பத்தாம் வகுப்பு மட்டும் அப்பிடித்தான் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டவா. பெட்டையள் எல்லாம் ‘துசியைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு வருது’ எண்டு சிரிப்பாளவை.”

அதைச் சொல்லி அவளும் சிரித்தாள்.

அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எழுபது வயதிலும் தானே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறார். நாங்கள் போனபோது குசினியில் முருங்கையிலை வறை வறுத்துக்கொண்டிருந்தார். புழுங்கலரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மோர்மிளகாய். சாப்பிட்டுக் கை கழுவியபிறகு நான் கேட்டேன்.

சின்னம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு துசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அக்கா என்னட்டைச் சத்தியம் வாங்கினவா, தான் உயிரோட இருக்குமட்டும் ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு. செத்தாப்பிறகு சொல்லக்கூடாதெண்டு சொல்லேல்லை. அதாலை சொல்லுறன்.”

அது கடைசிச் சண்டை நேரம். கரையோரத்தில் தறப்பாள் கொட்டில்களுக்குள் சனம் நெருங்கிக் கிடந்தது. துசியின் தாய்க்கு ஷெல் துண்டு பட்டுப் பெரிய காயம். காயக்காரரை ஏற்றின கப்பலில் தம்பி அவளோடு போக வேண்டியிருந்தது. நாலு வயதுத் துசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்த மாதங்களில் நான் ஜெர்மனியில் ஒரு செய்தியும் இல்லாமல் விளக்கை அணையவிடாமல் வைத்துக்கொண்டு இருந்தவள். தெரியாததைத்தான் சின்னம்மா சொன்னார்.

“ஒரு நாள் விடிய ஷெல்லடி துவங்கிச் சனம் எழும்பி ஓடிச்சுது. அக்கா ஒரு கையிலை உடுப்புப் பை, மற்றக் கையிலை துசியின்ர விரல். நான் முன்னாலை ஓடுறன். ஆரோ இடிச்சு, அக்கா விழுந்து எழும்பினால் கையிலை பை இருக்குது, பிள்ளை இல்லை.”

துசி சின்னம்மாவுக்குக் கிட்ட வந்து இருந்தாள்.

“அண்டு முழுக்கத் தேடினம். அக்கா கத்திக் கத்திக் குரல் அடைச்சுப் போச்சு. பின்னேரம் ஒரு கொட்டிலுக்குள்ளை பொம்பிளையள் இருந்து செபம் சொல்லுகினம். கடலுக்குப் போற வேதக்காரச் சனம். தங்கட ஊர்க் கோயிலிலை இருந்த அந்தோனியார் சிலையை, சுருவமெண்டு சொல்லுவினம், சாரத்திலை சுத்தி, போற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தவை. அவரும் எங்களைப் போல இடம்பெயர்ந்து வந்து மண்ணிலை இருக்கிறார். றீற்றா எண்டு ஒரு மனுசி அக்காவைக் கண்டிட்டு, ‘துலைஞ்சதைத் தேடித் தாறவர் இவர்தான், கேளுங்கோ அக்கா’ எண்டா. அக்கா முழங்காலிலை விழுந்திட்டா. ‘என்ர பிள்ளையைக் கொண்டுவந்து தா. நீ உன்ர ஊருக்குத் திரும்பிப் போய் உன்ர கோயிலிலை இரு. அங்க வந்து இந்தப் பிள்ளையின்ர கையாலை சனத்துக்குப் பாண் குடுக்கிறன்’ எண்டு நேந்தவா. பேக்கரிப் பாண் குடுக்கிறதுதான் அவருக்கு வழக்கமாம். பிறகு அந்தப் பொம்பிளையள் கொட்டில் கொட்டிலாய் வாய்ச்சொல்லாய்ச் சொல்லிவிட்டவை. மற்ற நாள் மத்தியானம் முன்பின் தெரியாத ஒரு மனுசி துசியைத் தூக்கிக்கொண்டு வந்தா. தந்திட்டு, பேரும் சொல்லாமல் போட்டா. அண்டு செவ்வாய்க்கிழமை.”

கிணற்றடியில் ஒரு காகம் கத்தியது.

“அப்ப ஏன் இவ்வளவு நாளும் தீர்க்கேல்லை?” என்று கேட்டேன்.

“போகவேணுமெண்டால் உன்ர தம்பிக்குக் காரணம் சொல்லவேணும். காரணம் சொன்னால் பிள்ளையைத் துலைச்ச கதை வரும். நாளைக்கு, நாளைக்கெண்டு இருந்தா. பேந்து கால் ஏலாமல் போச்சு.”

துசி எழும்பினாள். முகம் சிவந்திருந்தது.

“இவ்வளவு வருஷமும் என்ர கையை விலங்கு மாதிரிப் பிடிச்சவா. ஒரு நாள் ஏனெண்டு சொல்லியிருக்கலாம்தானே? அப்பா என்ன, கொண்டுபோடுவாரோ?”

“உன்ர அப்பா கொல்லமாட்டான்,” என்றார் சின்னம்மா. “ஆனா உன்னைத் திருப்பி அவவின்ர கையிலை தந்திருக்கமாட்டான். அவா பயந்தது அதுக்குத்தான்.”

“நான் எங்கையும் வரேல்லை. அப்பாவுக்கு ஒளிச்சு ஒரு நேர்த்தியும் எனக்கு வேண்டாம்.” அவள் வயல்பக்கம் போய்விட்டாள்.

எனக்கும் கோபம் வந்தது, அம்மாவோடு. உடனே அழுகையும் வந்தது. சைக்கிளில் மாட்டை விலக்கின மனுசி சொந்த மகனுக்குப் பயந்து இத்தனை செவ்வாய் பட்டினி கிடந்திருக்கிறார்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். நான் காலையில் குளித்து, திருநீறு பூசி, தேவாரம் படிக்காமல் வேலைக்குப் போகிறவள் இல்லை. மாதா கோயில் வாசலை வெளியில் நின்று கும்பிட்டிருக்கிறேன், உள்ளே போய் ஒன்றும் செய்ததில்லை. பின்னேரம் சின்னம்மா வீட்டுப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருந்து கேட்டேன். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் மனதுக்கு ஒன்று பட்டது. கொடுத்த வாக்கு அம்மாவினது. யாருக்குக் கொடுத்தாரோ அவரிடம்தான் அதைச் சேர்க்க முடியும். அந்தோனியாருக்குச் சேரவேண்டியதைப் பிள்ளையார் ஏன் தடுக்கப்போகிறார்?

துசியை நான் வற்புறுத்தவில்லை. ஆனால், “நான் நாளைக்கு வெளிக்கிடுறன் பிள்ளை. நீ வராட்டில் உன்ர கை இல்லாமல் அது நேர்த்தியில்லை. அதையும் அவரிட்டையே போய்ச் சொல்லுறன்,” என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வர, துசி தோள்பையைப் போட்டுக்கொண்டு வாசல் படலையடியில் நின்றாள்.

“அந்தச் சுருவத்தைப் பாக்கவேணும் போல கிடக்கு,” என்றாள். “பாண் குடுக்கிறதைப் பேந்து பாப்பம்.”

*

சின்னம்மா சொன்ன இடம் முல்லைத்தீவுக் கரையில், களப்புத் தண்ணீருக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். மூன்று பஸ் மாறி, கடைசியில் ஒரு ஓட்டோ பிடித்துப் போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. வலை காயப்போட்ட வேலிகள், மணலில் ஏற்றிவிட்ட படகுகள், கருவாட்டு மணம். ஊரில் றீற்றா என்று மூன்று பேர் இருந்தார்கள். “சுருவம் தூக்கின றீற்றா” என்றதும் ஒரு பெண் நேரே வீட்டைக் காட்டினாள்.

றீற்றா அக்கா திண்ணென்ற உடம்பு, வெற்றிலைச் சிவப்பு வாய். அவருடைய கணவர்தான் கோயிலைப் பார்க்கிற மூப்பர். அம்மாவின் படத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

“குரல் அடைச்ச அக்கா,” என்றார். பிறகு துசியைப் பார்த்து, “அப்ப இது...?”

“நான்தான்,” என்றாள் துசி.

றீற்றா அக்கா அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். “அண்டைக்கு மூக்கு ஒழுக ஒழுகப் பிஸ்கட் திண்டுகொண்டு வந்தனீ. உன்னைக் கொண்டுவந்து தந்த மனுசியின்ர சட்டையை விடமாட்டன் எண்டு ஒரே அழுகை. அப்பம்மாட்டைப் போகமாட்டன் எண்டிட்டாய். உன்ர அப்பம்மா அடிக்கேல்லை, ஏசேல்லை. மண்ணிலை இருந்து, ‘நான் உன்ர கையை விட்டிட்டன் அம்மா, என்னை மன்னிச்சுக்கொள்’ எண்டு உன்னைக் கும்பிட்டவா. நாலு வயதுப் பிள்ளையை. அதைப் பாத்து எங்கட செபமே நிண்டுபோச்சு.”

துசி தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றாள்.

அன்று அங்கேயே தங்கினோம். நேர்த்தி தீரும்வரை நாங்கள் மீன், மச்சம் சாப்பிடமாட்டோம் என்றதும் றீற்றா அக்கா தலையில் கை வைத்தார். “இந்த ஊரிலை மீன் படாத சட்டி தேடுறது லேசான காரியமோ?” ஆறு வீடு ஏறி இறங்கி, புதிதாய்க் கலியாணம் முடித்த ஒரு பிள்ளையிடம் இன்னும் அடுப்பில் வைக்காத சட்டியொன்றை வாங்கிவந்து பருப்பு அவித்தார். எனக்கு ஜெர்மனியில் எத்தனையோ விருந்து நடந்திருக்கிறது. அந்தப் பருப்புக்கு ஒன்றும் ஈடில்லை.

“செவ்வாய்க்கிழமைதானே அந்தோனியாருக்கு? நாளைக்கு வெள்ளி. நான் நாளையிண்டைக்குப் போகவேணும்,” என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“அவர் எங்களோட பங்கர்க் குழிக்குள்ளை இருந்தவர் பிள்ளை. அதுக்குள்ளை என்ன கிழமையெண்டு எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது,” என்றார் றீற்றா அக்கா. “பாணைக் கொண்டு வாங்கோ. பாதர் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். செபத்தை நான் சொல்லுறன்.”

இந்தப் பக்கத்தில் காலையும் மாலையும் ஓட்டோவில் கண்ணாடிப் பெட்டி பூட்டிப் பாண், பணிஸ் விற்க வருவார்கள். ஒலிபெருக்கியில் ஒரே மெட்டு ஓடிக்கொண்டிருக்கும். அது கேட்டால் சனம் படலைக்கு வந்துவிடும். றீற்றா அக்கா அந்தப் பாண்காரருக்குப் போன் எடுத்து, காலையில் பெட்டியில் இருக்கிற எல்லாப் பாணும் எங்களுக்குத்தான் என்று சொன்னார்.

*

வெள்ளிக்கிழமை காலை பாண் ஓட்டோ வந்தது. மெட்டும் வந்தது. கோயில் வாசலில் நின்றபிறகும் மெட்டு நிற்கவில்லை.

“தம்பி, பாட்டை நிப்பாட்டும். கோயில் எல்லோ,” என்றார் மூப்பர்.

“நிப்பாட்டேலாதையா. சுவிச்சு பழுது. இஞ்சினை நிப்பாட்டினாலும் இது பாடும்.” பாண்காரர் ஒலிபெருக்கிக்கு மேல் ஒரு சாக்கைப் போட்டுப் பார்த்தார். சாக்குக்குள் இருந்தும் அது பாடியது.

வேலைநாள் காலை, கோயிலுக்கு யார் வருவார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அந்த மெட்டு எங்களுக்கு ஆள் சேர்த்துத் தந்தது. பாண்காரன் ஏன் கோயிலடியில் நின்று இவ்வளவு நேரம் பாடுகிறான் என்று சனம் நாலு பக்கத்தாலும் வந்தது. வலை திருத்திக்கொண்டிருந்த பெண்கள், கடலால் கரைக்கு வந்த ஆண்கள், பள்ளிக்கூடச் சீருடையில் பிள்ளைகள், ஒரு ஆட்டுக்குட்டியும்கூட.

சின்னக் கோயில். புதிதாய்க் கட்டிய சுவர். உள்ளே அந்தோனியார் ஒரு முழ உயரம்கூட இல்லை. கையில் குழந்தை. ஒரு பக்கத்துத் தோளில் பூச்சு உடைந்திருந்தது. அதை ஏன் பூசவில்லை என்று கேட்டேன். “அது அவர் எங்களோட வந்ததுக்கு அடையாளம்,” என்றார் மூப்பர்.

துசி அவருக்கு முன்னால் நின்றாள். கனநேரம் நின்றாள். நான் செருப்பைக் கழற்றி, தலையில் முக்காடு போடுவதா விடுவதா என்று தெரியாமல், அம்மன் கோயிலில் கும்பிடுகிற மாதிரியே இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினேன். எனக்குத் தெரிந்த கும்பிடு அதுதான். றீற்றா அக்கா செபம் சொன்னார். சொற்கள் எனக்குப் புதிது. ஆனால் “தொலைந்தவர்களை” என்று வந்த இடத்தில் நானும் சேர்ந்து சொன்னேன்.

செபம் முடிந்தது. நான் துசியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். அவள் திரும்பி நடந்தாள். வெளியே போய், பாண்காரரின் பெட்டிக் கண்ணாடியைத் திறந்து, முதல் பாணை எடுத்து, முன்னால் நின்ற கிழவரிடம் இரண்டு கையாலும் நீட்டினாள்.

கிழவர் மடியில் காசு தேடினார். “எவ்வளவு பிள்ளை?”

“காசில்லை ஐயா. நேர்த்திப் பாண்.”

“ஆற்ற நேர்த்தி?”

துசி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “என்ர அப்பம்மான்ர. சண்டைக்குள்ளை அவா என்னைத் துலைச்சிட்டா. பிறகு கிடைச்சனான். அதுக்கு.”

கிழவர் பாணைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் நின்ற ஒரு பெண் அழத் தொடங்கினாள். அவளுக்குக் கிடைக்காத பிள்ளை யாரோ, நான் கேட்கவில்லை. துசி அவளுக்கு இரண்டு பாண் கொடுத்தாள். வரிசை முடியுமட்டும் வேறு ஒருவரையும் அவள் பெட்டியைத் தொட விடவில்லை. கடைசிப் பாணை எனக்குத் தந்தாள். நானும் வாங்கி, பாதியைப் பிய்த்து மணலில் நின்றே சாப்பிட்டேன்.

பிறகு அவள் போனை எடுத்தாள். “மாமி, அப்பாவுக்கு நான்தான் சொல்லுவன்.” ஸ்பீக்கரில் போட்டாள்.

“எங்கை நிக்கிறியள்? அதென்ன பாண்காரன்ர பாட்டு?” என்றான் தம்பி.

துசி ஒன்றையும் விடாமல் சொன்னாள். விரல் நழுவினதை, ஒரு நாள் முழுக்கத் தேடினதை, கும்பிட்டு மன்னிப்புக் கேட்டதை. லைன் போய்விட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன்.

“அம்மா ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?” என்றான் கடைசியில்.

“நீங்கள் ஏசுவியள் எண்டு பயந்து.”

“ஏசியிருப்பன்தான்,” என்றான். “நல்லா ஏசியிருப்பன்.” குரல் உடைந்து போயிருந்தது. “துசி... அந்தப் பாண் எல்லாம் குடுத்து முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது அப்பா.”

“ஒரு துண்டும் இல்லையோ?”

என் கையில் மற்றப் பாதி இருந்தது. அதைக் கைதுடைக்கிற லேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன்.

நெளுக்குளத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது படவில்லை. தம்பி படலையில் நின்றான். அழுத முகம். துசியின் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனான். பிறகு கிணற்றடிக்குப் போய் முகம், கை, கால் கழுவிவிட்டு வந்து, திவசத்தன்று ஐயருக்கு முன்னால் இருந்த மாதிரியே நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து, நான் லேஞ்சியை அவிழ்க்க, என்னை நோக்கி இரண்டு கையையும் ஏந்தினான்.